நஞ்சுக்கொடிக்கு ஓர் அளவுகோல்

வயிற்றுப்பிள்ளை சும்மா இருக்காது. எம்.ஆர்.ஐ. கருவிக்கோ அசையாத உடல் வேண்டும். இந்த முரண்தான் பல ஆண்டுகள் வழிமறித்து நின்றது.

1980 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மல்லார்டின் குழு தாங்களே கட்டிய கருவியில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1983-இல் அதே ஊரின் பிரான்சிஸ் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் கர்ப்பிணிகளின் படங்களை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆன காலம் அது. அதற்குள் பிள்ளை புரண்டுவிடும், படம் கலங்கிவிடும். 1988-இல் பிரான்சில் ஒரு குழு, மருந்து செலுத்திப் பிள்ளையின் தசைகளைச் சற்று நேரம் முடக்கிவைத்தே படமெடுத்தது. படிக்கும்போதே மனம் பதறுகிறது. ஆனால் அன்று அவர்களுக்கு வேறு வழி குறைவு.

வழி இங்கிலாந்தின் நாட்டிங்காமில் திறந்தது. ஒரே தூண்டலில் முழுப் படத்துக்கான சமிக்ஞைகளையும் திரட்டிவிடும் ‘எக்கோ பிளானர்’ முறையை பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் 1977-இல் முன்வைத்திருந்தார். நொடிக்கும் குறைவான நேரத்தில் படம்! 1990-களில் அங்கேயே பிள்ளையின் எடையைப் படத்திலிருந்து கணக்கிட்டார்கள். பிறகு பென்னி கௌலண்டும் சகாக்களும் நஞ்சுக்கொடியின் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் கேட்டது எப்படித் தெரிகிறது என்பதை அல்ல. சமிக்ஞை எத்தனை மில்லிநொடியில் அடங்குகிறது என்பதை. 1998-இல் அந்த அளவுகள் வெளிவந்தன. நஞ்சுக்கொடியை அளக்கும் துறை பிறந்தது அங்கேதான் என்பேன்.

அந்த மில்லிநொடிகளுக்குப் பொருள் தந்தது பழைய வேதியியல். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும், ஆக்சிஜனை ஏந்தியது ஈர்க்கப்படாது என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-இலேயே காட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கும்; சமிக்ஞை விரைவில் அடங்கும். ‘டி2 ஸ்டார்’ என்ற எண் இதைப் பிடித்துவிடுகிறது. மாதம் ஏற ஏற அது இயல்பாகவே குறையும். வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பலருக்கு நஞ்சுக்கொடியில் அது அந்த மாதத்துக்கு உரியதைவிடவும் குறைந்திருப்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சாய மருந்தும் இல்லை.

இதன் அருமை பிரசவம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். இயல்பிலேயே சிறிய பிள்ளை ஒன்று. ஊட்டம் கிடைக்காமல் சிறுத்த பிள்ளை இன்னொன்று. அல்ட்ராசவுண்டில் இரண்டின் எடையும் ஒன்றாகவே இருக்கலாம். முன்னதைக் காத்திருந்து பெற்றெடுக்கலாம். பின்னதற்குக் காத்திருப்பதே ஆபத்தாகலாம்.

2020-இல் நாட்டிங்காம் குழு, நஞ்சுக்கொடியும் அதை ஒட்டிய கருப்பைச் சுவரும் அவ்வப்போது சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுவதைக் கண்டது. பிரசவ வலியின் சுருக்கம் அல்ல இது. நலமான கர்ப்பத்திலும் நடக்கிறது. எதற்காக என்பதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.