ஒரே நெட் கனெக்‌ஷன், பத்து கம்ப்யூட்டர்: எப்படி ஓடுது? சிக்கல் வந்தால் யார் பொறுப்பு? முழு விவரம்

மதுரையில் மாட்டுத்தாவணி, சிம்மக்கல், அண்ணா நகர் என எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிரவுசிங் சென்டர் கண்ணில் படும். உள்ளே ஐந்தாறு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கடைக்கு வரும் நெட் கனெக்‌ஷன் ஒன்றே ஒன்றுதான். வீடுகளிலும் இதே கதை. கீழ் வீட்டில் வாங்கிய வைஃபையை மாடியில் வாடகைக்கு இருப்பவரும் பயன்படுத்துவார், மாத பில்லை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது? அந்த இணைப்பில் யாராவது தவறு செய்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? பார்க்கலாம்.

லாட்ஜ் ரிசப்ஷன் மாதிரி

டவுன் ஹால் ரோட்டில் உள்ள ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜுக்கு வெளியுலகம் அறிந்த போன் நம்பர் ஒன்று. உள்ளே 30 அறைகள், ஒவ்வொன்றுக்கும் 101, 102 என உள் நம்பர். 204-ம் அறையில் இருப்பவர் வெளியே பேச வேண்டுமென்றால் ரிசப்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். பதில் போன் வந்தால் யாருக்கு இணைக்க வேண்டும் என்பது ரிசப்ஷனிஸ்டுக்குத் தெரியும். நோட்டில் குறித்து வைத்திருக்கிறாரே!

இணையத்திலும் அதேதான். கனெக்‌ஷன் கொடுக்கும் நிறுவனம் உங்களுக்கு ஒரு பொது ஐபி முகவரி தருகிறது. உள்ளே உள்ள போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளை ரவுட்டர் கொடுக்கிறது. எந்தக் கருவி எந்த வெப்சைட்டைக் கேட்டது என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொண்டு, கோரிக்கையைத் தன் பெயரில் வெளியே அனுப்புகிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்துச் சரியான கருவிக்குத் தள்ளிவிடுகிறது. இதற்கு நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன், சுருக்கமாக 'நாட்' என்று பெயர்.

இது 1994-ல் முன்வைக்கப்பட்ட யோசனை. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகில் உள்ள கருவிகளுக்கு அது போதாது என்பதால் 'ஒரு முகவரியைப் பலர் பகிரட்டும்' என்று முடிவானது.

ரவுட்டருக்கு முன்னால் 'சர்வர்' கம்ப்யூட்டர்

இப்போது கையகல ரவுட்டர் செய்யும் வேலையை 2000-களின் தொடக்கத்தில் ஒரு முழு கம்ப்யூட்டர் செய்தது. பிரவுசிங் சென்டர்களில் ஓனரின் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் 'சர்வர்'. அதில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று வெளியே, மோடம் பக்கம். இன்னொன்று உள்ளே, கடையில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஹப் பக்கம்.

1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், இணைப்பைப் பகிரும் வசதியை மைக்ரோசாஃப்ட் உள்ளேயே வைத்தது. ஒரு டிக் அடித்தால் போதும், அந்த கம்ப்யூட்டருக்கு 192.168.0.1 என்ற முகவரி வந்துவிடும், மற்றவை அதன் வழியாக வெளியே போகும். ஒரே சிக்கல், சர்வரை அணைத்தால் கடை முழுக்க நெட் கட்.

இன்னொரு முறை, பிராக்ஸி சர்வர். 1996-ல் வெளியான 'ஸ்க்விட்' என்ற இலவச மென்பொருள் இதில் பிரபலம். ஒருவர் பார்த்த பக்கத்தின் படங்களை அது தன்னிடம் சேமித்துக்கொள்ளும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் வெளியே போகாமல் கையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். மெதுவான இணைப்பில் இது பெரிய உதவி. இன்று பெரும்பாலான வெப்சைட்கள் ரகசியக் குறியீட்டுடன் வருவதால் இந்தச் சேமிப்பால் பெரிய பலன் இல்லை.

மேலூர் கிராமங்களில் நடந்த சோதனை

இணைப்பைப் பகிர்வதில் மதுரை மாவட்டத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2001-ல் மேலூர் பகுதிக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடியின் டெனெட் குழு, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு நிறுவனங்கள், என்-லாக் நிறுவனம் ஆகியவை இதில் இருந்தன. டெனெட் குழுவை முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா.

கிராமத்துக்குக் கேபிள் இழுப்பது செலவு. அதனால் 'கார்டெக்ட்' என்ற வயர்லெஸ் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். மையமான இடத்தில் ஒரு டவர், சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள். டவருக்கு வரும் ஒரு பெரிய இணைப்பை அத்தனை மையங்களும் பங்கு போட்டுக்கொண்டன. கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப் கேமரா, பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு மையம் அமைக்க ஏறக்குறைய 50,000 ரூபாய். நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

வேகம்? 35 அல்லது 70 கேபிபிஎஸ். இன்றைய கணக்கில், ஒரு எம்பி அளவுள்ள ஒரே ஒரு போட்டோ இறங்க இரண்டு முதல் நான்கு நிமிடம் ஆகும். அந்த வேகத்தில்தான் சான்றிதழ்களுக்கான மனுக்கள் தாலுகா ஆபீசுக்குப் போயின. கண்ணில் கோளாறு உள்ளவர்களின் படத்தை வெப் கேமராவில் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

ஆனால் பல மையங்கள் நிலைக்கவில்லை. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் போதாததையும் தொழில்நுட்ப உதவி சரியாகக் கிடைக்காததையும் காரணங்களாகச் சொன்னது. முன்பே கம்ப்யூட்டர் பயிற்சி பெற்றவர்களின் மையங்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. இணைப்பைக் கொண்டு வந்தால் மட்டும் போதாது, அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும் என்பது மேலூர் தந்த பாடம்.

தேனியில் கிலோமீட்டர் கணக்கில் வைஃபை

அடுத்த முயற்சி தேனியில். அங்குள்ள அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் வைஃபை மூலம் இணைத்தார்கள். ஊரில் நோயாளி, தேனியில் டாக்டர், நடுவே வீடியோ கால்.

சாதாரண வைஃபை ஒரு வீட்டைத் தாண்டாதே? உயரமான கம்பங்களில் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் ஆன்டெனாக்களை வைத்தார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. வைஃபையில் ஒவ்வொரு தகவலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் உடனே வர வேண்டும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும், கருவி தகவல் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். எனவே 'இப்போ நீ பேசு, அப்புறம் நான்' என்று நேரம் பிரித்துக் கொடுக்கும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

பகிர்ந்தால் வேகம் ஏன் குறையுது?

100 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து பேர் ஒரே நேரத்தில் டவுன்லோட் செய்தால், ஆளுக்குச் சராசரியாக 10 எம்பிபிஎஸ்தான். எல்லோரும் எல்லா நேரமும் முழுசாக இழுப்பதில்லை என்பதால் வழக்கமாகச் சிக்கல் தெரியாது. ஆனால் ஒருவர் பெரிய சினிமா பைலை இறக்க ஆரம்பித்தால், பக்கத்தில் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பவரின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ரவுட்டரில் 'கியூஓஎஸ்' என்ற வசதி இருந்தால் ஆளுக்கு இவ்வளவு வேகம்தான் என்று வரம்பு வைக்கலாம்.

போலீஸ் முதலில் யாரிடம் வரும்?

இதுதான் முக்கியமான விஷயம். உள்ளே பத்து பேர் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரி. அந்த இணைப்பிலிருந்து ஒரு மோசடியோ மிரட்டல் மெயிலோ போனால், போலீஸ் அந்த ஐபி முகவரியையும் நேரத்தையும் வைத்து இணைய நிறுவனத்திடம் கேட்கும். நிறுவனம் கொடுப்பது கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய விவரத்தை. வீட்டுக்குள் அது மாடி வீட்டுக்காரரின் போனா, விருந்தாளியின் லேப்டாப்பா என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய நிலை கனெக்‌ஷன் வாங்கியவருக்குத்தான் வரும்.

இதனால்தான் பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-ல் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டு வந்தது. அதன்படி:

• வாடிக்கையாளரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும்.

• பார்த்த வெப்சைட் விவரங்கள், பிராக்ஸி சர்வர் பதிவுகள் ஆகியவற்றையும் ஓராண்டு சேமிக்க வேண்டும்.

• தடுப்புகள் நாலரை அடி உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

'ஆதார் எதுக்கு கேக்குறாங்க?' என்று கடையில் கோபப்படுபவர்கள் உண்டு. ஆதார்தான் வேண்டும் என்றில்லை, வோட்டர் ஐடி, டிரைவிங் லைசென்ஸ் போன்றவையும் செல்லும். ஆனால் ஏதாவது ஒரு அடையாளத்தைக் கேட்பது கடைக்காரரின் சட்டப்படியான கடமை.

காசு வாங்கிப் பகிரலாமா?

வீட்டு உபயோகத்துக்கான பிளானை வெளியாட்களுக்குக் காசுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை. ஆனால் முறைப்படி செய்ய வழி இருக்கிறது. அதுதான் 'பிஎம்-வாணி'. 2020 டிசம்பர் 9-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது.

இதன்படி டீக்கடை, மளிகைக் கடை நடத்துபவர்கூட 'பப்ளிக் டேட்டா ஆபீஸ்' ஆகி வைஃபை விற்கலாம். இதற்கு லைசென்ஸ் வேண்டாம், கட்டணமும் இல்லை. பல கடைகளை ஒன்றாக நிர்வகிக்கும் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் போதும். வாடிக்கையாளர் செயலியில் பதிவு செய்து, சரிபார்ப்பு முடிந்த பிறகே இணைய முடியும். அதாவது யார் பயன்படுத்தினார் என்ற கணக்கு கடைக்காரரின் நோட்டில் இல்லாமல் அமைப்பிலேயே இருக்கும்.

இந்தக் கடைகளுக்கான இணைப்புச் செலவு அதிகம் என்ற புகார் இருந்தது. 2025 ஜூனில் டிராய் இதற்கு வரம்பு வைத்தது. 200 எம்பிபிஎஸ் வரையிலான பிராட்பேண்ட் இணைப்புக்கு, அதே வேகமுள்ள வீட்டு பிளானைப் போல இரு மடங்குக்கு மேல் இவர்களிடம் வாங்கக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியவை

• ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'அட்மின்' என்றே விட்டு வைத்தால் வைஃபைக்குள் வரும் யாரும் உள்ளே புகுந்து எதையும் மாற்றலாம்.

• பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்வு செய்யுங்கள்.

• விருந்தினருக்கும் மாடி வீட்டாருக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகக் கொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைல்கள் அவர்களுக்குத் தெரியாது.

• இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

• வாடகைதாரர் காலி செய்து போனால் வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்குவீர்கள்தானே? அன்றைக்கே வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டு பத்து பேருக்குத் தெரியலாம், ஆனால் பில் வருவது ஒருவர் பெயரில்தான். கேள்வி வந்தாலும் அவரிடம்தான் முதலில் வரும்.