தோட்டாவின் அடியில் ஒரு சரித்திரம்

செங்கற்பட்டுக் கோட்டையைப் பார்த்திராதவர் நம் வட்டாரத்தில் குறைவு. 1752-ஆம் ஆண்டில் கிளைவ் முதலில் கோவளத்தையும், பின்னர் இக்கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். இதனை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வீரர்களின் துப்பாக்கி எவ்வாறு தீப்பற்றியது என்பதைப் படித்திருக்க மாட்டீர்கள். அதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்தில் சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி எழுப்பும். வெளியே சிறு கிண்ணத்தில் இட்ட மருந்தில் அது பற்றி, துளை வழியே குழலுக்குள் செல்லும். மழை பெய்தால் மருந்து நனையும், துப்பாக்கி ஊமையாகும். ஐப்பசி மழையை அறிந்த நமக்கு இவ்விடரை விளக்க வேண்டுவதில்லை. 1800-இல் எட்வர்டு ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் பாதரசச் சேர்மம் ஒன்றைப் பற்றி வெளியிட்டார். 1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் பார்சைத், இத்தகைய வெடிமருந்தால் துப்பாக்கியை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு அம்மருந்து செப்புக் குமிழில் அடைபட்டது. தீபாவளிக்குச் சிறுவர் வெடிக்கும் பொட்டுக் கேப்பு இதற்கு உறவுதான்.

பித்தளைத் தோட்டா வந்ததும் அக்குமிழ் அதன் அடியில் பதிந்தது. 1866-இல் இருவர் இருவகை செய்தனர். அமெரிக்கரான பெர்டன், குமிழை நசுக்கும் பட்டடையைத் தோட்டாக் கூட்டிலேயே அமைத்தார். நெருப்பு செல்லப் பெரும்பாலும் இரண்டு சிறு துளைகள். ஆங்கிலேயரான பாக்ஸர், பட்டடையைக் குமிழுக்குள்ளேயே வைத்தார். நடுவே ஒரே துளை. விந்தை என்னவெனில், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் வேரூன்றின!

இராணுவம் கழித்த கூடுகளை மீண்டும் நிரப்பும் வழக்கம் அமெரிக்கா முதலிய நாடுகளில் உண்டு. அங்கே இவ்வேறுபாடு முக்கியமாகிறது. ஒற்றைத் துளையாயின் குமிழை ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். இரட்டைத் துளையாயின் ஊசி பட்டடையில் முட்டி முறியும். பழைய பாதரச மருந்து பித்தளையையே நொறுங்கச் செய்யும். குளோரேட்டு மருந்தோ எரிந்தபின் உப்பை விட்டுச் செல்லும். அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருவாக்கும். மாமல்லபுரத்துக் கடற்காற்றில் சன்னல் கம்பி படும் பாட்டைக் கண்டவர்க்கு இது புரியும்.

தோட்டாவின் அடிப்புறம் ஒரு சிறு கல்வெட்டு. 1869-இல் புனேக்கு அருகே தொடங்கிய கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் பழைய தோட்டாக்களில் 'கே.எஃப்.' என்ற முத்திரையைக் காணலாம். பக்கத்து எண்கள் பெரும்பாலும் ஆண்டைச் சுட்டும்.

ஆயினும் மல்லைக் கல்வெட்டைத் தடவிப் படிப்பதுபோல் இதைக் கையில் எடுத்துப் படித்தல் ஆகாது. செங்கற்பட்டை அடுத்த அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் உண்டு. அத்தகைய இடங்களின் அருகே பித்தளை கண்டால், பழைய இரும்புக்கடை விலை நினைவுக்கு வரலாம். குமிழில் குழி விழுந்திருப்பதால் மட்டும் அது வெடித்துத் தீர்ந்தது என்று எண்ண வேண்டா. அடிபட்டும் வெடியாத தோட்டாவிலும் அதே குழிதான் இருக்கும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதும் குற்றம். தொடாமல் விலகி நின்று, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கோட்டை மதிலைத் தொட்டுப் பார்த்துச் சரித்திரம் கற்கலாம். தோட்டாவின் சரித்திரத்தை நூலில் கற்பதே அறிவுடைமை.