வெண்கலக் குரலுக்கு வந்த சோதனை

பாலக்காட்டுச் சீமையில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குக் கோட்டாயியை அடுத்த செம்பை என்னும் சிற்றூரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. 1896-இல் தோன்றிய செம்பை வைத்தியநாத பாகவதர், தந்தையார் அனந்த பாகவதரிடம் இசை பயின்று, 1904-இல் ஒற்றப்பாலத்தில் தம் தம்பியாருடன் முதன்முதல் மேடையேறினார். அப்போது அவர் சிறு பாலகர்.

அக்காலத்தில் கச்சேரி மேடையில் ஒலிபெருக்கி இல்லை. பந்தலின் கடைக்கோடியில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்டவேண்டுமாயின் பாடுபவர் தம் தொண்டை ஒன்றையே நம்பியிருத்தல் வேண்டும். அதுவும் மூன்று நான்கு மணி நேரம். நாடக மேடையின் நிலை இன்னும் கடுமை. பாலர் கம்பெனிகளில் பாடிப் புகழ்பெற்ற சிறுவர்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் வேஷம் கைவிட்டுப் போயிற்று. குரல் அவர்களுக்குக் கலை மட்டுமன்று, அன்றாடச் சோறும் ஆகும்.

தொண்டையினுள் இருப்பவை இரண்டு சிறு குரல்நாண்களே. ஆடவர் பேசும்போது அவை நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்டிர் பேசும்போது ஏறத்தாழ 200 முறையும் அதிர்ந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. 1854-இல் மனுவேல் கார்சியா என்பவர் சிறு கண்ணாடி ஒன்றைத் தொண்டையிற் பிடித்து, வெயிலொளியில் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அவர் வைத்தியர் அல்லர், பாட்டு வாத்தியார்! இது நமக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

செம்பையாருக்குச் சென்னை சங்கீத வித்வத் சபை 1951-ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. 1952-இல் அந்த வெண்கலக் குரல் அடியோடு அடங்கிப்போயிற்று. வைத்தியமடம் நம்பூதிரியின் ஆயுர்வேதச் சிகிச்சையால் குரல் மீண்டது. பாகவதரோ அதனைக் குருவாயூரப்பன் அருள் என்றே கொண்டு, தம் வருவாயை அச்சந்நிதிக்கு வழங்கலானார். அருளா மருந்தா என்ற வழக்கில் நாம் புகவில்லை. குரல் எழாத நாள்களில் தொண்டைக்குக் கட்டாய ஓய்வு கிடைத்ததும் ஒரு மருந்தே என்பது நம் எண்ணம்.

அந்த ஓய்வை நாம் முன்கூட்டியே கொடுக்கலாகாதா? பண்டிகைக் காலத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தில் நாளெல்லாம் கூவும் நம்மவரும், அறுபது பிள்ளைகளை அடக்கும் ஆசிரியைமாரும் பாகவதர் இனத்தவரே. எடுத்த எடுப்பில் மேல்ஸ்தாயிக்குத் தாவாமல், தாழ்ந்த சுருதியில் முணுமுணுத்துத் தொடங்கி அகார சாதகம் செய்யும் பழைய முறை சாலச் சிறந்தது. இடையிடையே தண்ணீர் பருகுதல் நன்று. அடிக்கடி கனைத்தல் தீது. குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசினாற் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர்; கிசுகிசுப்பும் பலருக்குத் தொண்டையை வருத்தும். வாய்மூடி இருத்தலே ஓய்வு. புகை அறவே ஆகாது. கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பின் கஷாயத்தோடு நில்லாமல் தொண்டை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பிள்ளைகளின் பாட்டுப் போட்டிக்கெனப் பிறர் சுருதியைக் கடன் வாங்கிப் பாடவைக்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.

குரல் மீண்டபின் செம்பையார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடினார். 1974 அக்டோபர் 16-ஆம் நாள், முதன்முதல் மேடையேறிய அதே ஒற்றப்பாலத்தில், கோயிற் கச்சேரியை முடித்த பின்னரே அவர் உயிர் பிரிந்தது.