நோயச்சம், மாதவிடாய் நிற்கும் காலத்தில்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தோன்றும் அல்லது தீவிரமாகும், தனக்குக் கொடிய நோய் உள்ளது என்ற நீங்காத அச்சம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாடு இத்தகைய நோயச்சத்தைப் பொதுவாக நோய்ப் பதற்றக் கோளாறு எனக் குறிக்கிறது.

இயல்புகள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்ற இறக்கத்தால் உண்டாகும் படபடப்பு, திடீர் உடல்சூடு, உறக்கமின்மை ஆகியவை இதயநோய், புற்றுநோய் அறிகுறிகளாக அஞ்சப்படுகின்றன. சோதனை முடிவு இயல்பாக இருந்தாலும் அச்சம் திரும்பும்.

மருந்து தொடக்கம்: தைராய்டு, இரத்தசோகை, இதயக் கோளாறுகளை ஆராய்ந்தபின், எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் குறைந்த அளவில் தொடங்கப்படுகின்றன. முதல் இரு வாரங்களில் குமட்டல், தலைவலி, பதற்ற மிகுதி தோன்றலாம். பெரும்பாலும் தாமே தணியும். பலன் தெரியப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிபென் உட்கொள்வோருக்குப் பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் ஆகிய மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் தவிர்க்கப்படுகின்றன. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் பயன் தரும்.

வரலாறு: 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பராக்சிடினை 7.5 மில்லிகிராம் அளவில் மாதவிடாய் நிற்கும் கால உடல்சூட்டுக்கு மருந்தாக அங்கீகரித்தது.

கன்னியாகுமரி மாவட்டம்: நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவம் கிடைக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

முக்கியத்துவம்: உரிய காலத்துச் சிகிச்சை, வேதனையையும் தேவையற்ற தொடர் பரிசோதனைச் செலவையும் குறைக்கிறது.