ஜொகூர் சாலையோரப் பழக் கடைகள்: எப்போது போகலாம், எதைப் பார்த்து வாங்கலாம்?

ஜூன் பிறந்துவிட்டால் கூட்டரசு முதலாம் சாலையின் முகமே மாறிவிடும். சிகாமட்டிலிருந்து லாபிஸ், யோங் பெங், ஆயர் ஹீத்தாம் வரை செம்பனைத் தோட்டங்களுக்கு முன்னால் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் முளைக்கும். பெரிய பருவம் பொதுவாக ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஆண்டிறுதியில் சிறு பருவம் ஒன்று உண்டு. மழையைப் பொறுத்து முன்பின்னாகும். ஸ்ட்ராபெரி பறிக்க ஆசைப்படும் பிள்ளைகளைக் கேமரன் மலைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். ஜொகூர் வெயிலுக்கு அது வராது.

டுரியானுக்கு அகராதி 'முள்நாறி' என்று பெயர் சொல்கிறது. தமிழ் படித்தவள் என்ற முறையில் அச்சொல்லை ஒருநாள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டார். மலாயில் 'டுரி' என்றால் முள், 'ரம்புட்' என்றால் முடி. நம் நாக்குக்கு டுரியானும் ரம்புத்தானும்தான் பழக்கம்.

டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் வௌவாலை எதிர்பார்க்கும். பூத்து மூன்று, நான்கு மாதங்களில் காய் பழுத்துத் தானாக விழும். தாய்லாந்தில் மரத்திலிருந்து வெட்டி இறக்குவார்கள். நம் நாட்டில் விழுந்ததைப் பொறுக்குவதுதான் வழக்கம். அதனால் இரவில் விழுந்த பழம் காலையில் கடைக்கு வரும். காலையில் போவது நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

காம்பு ஈரமாக, பச்சையாக இருந்தால் பழம் புதிது. காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே சுளை அசைவது கேட்க வேண்டும். ஓட்டில் ஓட்டை இருந்தால் புழு. ஓடு வெடித்திருந்தால் சுளை புளித்திருக்கக்கூடும். 1993இல் டி197 என்று பதிவான மூசாங் கிங்கின் அடியில் முள்ளில்லாத நட்சத்திர வடிவம் தெரியும். இதை அறியாமல் சாலையோரக் கடை ஒன்றில் டி24-ஐ மூசாங் கிங் விலைக்கு வாங்கிச் சாப்பிட்டவள் நான். பழம் நன்றாகத்தான் இருந்தது, காசுதான் கசந்தது.

எடை போடுவது ஓட்டோடு. சுளை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே கிலோ விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்ட வேண்டாம். விலை அட்டை இருக்கிறதா, தராசில் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போயிருந்தால் மாற்றித் தருவார்களா என்பதைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். திறந்த பிறகு கேட்டால் சண்டைதான். கம்பத்து டுரியானைக் குவியலாக விற்பார்கள். பெரிய குடும்பத்துக்கு அதுவே கட்டுப்படியாகும்.

மங்குஸ்தீனின் அடியில் பூப்போல ஒரு குறி இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. தோல் கல்லாக இறுகியிருந்தால் பழையது. தோலின் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. லங்சாட்டின் தோல் மெலிது, பால் வடியும். டுக்குவின் தோல் தடிப்பு, பால் இருக்காது.

மேற்குக் கரையில் கதை வேறு. ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் வழியில் பெக்கான் நெனாஸ், பெயரிலேயே அன்னாசி. அங்கே அன்னாசி அருங்காட்சியகமும் உண்டு. அப்பகுதியின் கரி மண்ணில் மற்றப் பயிர் தடுமாறும், அன்னாசி நிற்கும். நம்மவர்களுக்கும் இப்பழத்துக்கும் பழைய உறவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் கன்றுகள் வளரும் வரை வரிசைகளுக்கு இடையே அன்னாசி நட்டார்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் ஜோசப்பின், மார்டி 1996இல் வெளியிட்ட கலப்பினம். ஜொகூர், சரவாக் வகைகளைச் சேர்த்து உருவாக்கியதால் அந்தப் பெயர்.

எல்லாப் பழத்தையும் எல்லாருக்கும் வாங்கிப் போக முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. நீரிழிவு நீடித்தால் சிறுநீரகமும் பழுதாகும். அந்த நிலையில் உள்ளவர்களுக்கு டுரியானில் சர்க்கரையோடு பொட்டாசியமும் சிக்கல். அதைவிட ஆபத்து, அதே கடையில் மஞ்சளாக அடுக்கியிருக்கும் பிளிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம். அதிலுள்ள நச்சுப் பொருளைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் அதை இனங்கண்டு 'கேரம்பாக்சின்' என்று பெயரிட்டனர். சிறுநீரகம் பழுதானவர்கள் சிறிது உண்டாலும் நிற்காத விக்கல், மனக் குழப்பம், வலிப்பு வரலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் சாறாகக்கூடக் கொடுக்காதீர்கள். தெரியாமல் கொடுத்துவிட்டு விக்கல் தொடங்கினால், தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.