பதினெட்டு விநாடியா, முப்பது விநாடியா?

0.3 நிமிடம் என்பது எத்தனை விநாடி? 18 என்று பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். இந்தச் சிறு கணக்கு ஒரு மருத்துவமனையில் தவறியதால் 115 நோயாளிகள் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளாயினர்.

புற்றுநோய்க்குக் கோபால்ட்டு-60 கொண்டு சிகிச்சை அளிப்பது 1951ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கியது. இத்தனிமம் உமிழும் காமாக் கதிர்களே இங்கு மருந்து. இதன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். அதாவது, மாதந்தோறும் ஏறக்குறைய 1 விழுக்காடு வலிமை குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதை அளந்துதான் உறுதி செய்யலாம்.

அமெரிக்காவின் கொலம்பஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 1974 முதல் 1976 வரை, அளப்பதற்குப் பதிலாக ஒரு வரைபடத்தையே நம்பினர். கோபால்ட்டு உண்மையைவிட விரைவாக வலிமை இழப்பதாக அந்தத் தவறான வரைபடம் காட்டிற்று. 22 மாதங்கள் எவரும் கருவி வைத்துப் பார்க்கவில்லை. 426 பேர் மிகை அளவு பெற்றனர்.

கோஸ்ட்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயில் 1996 ஆகஸ்டில் நடந்தது வேறு வகை. அங்கே அளந்தார்கள்! புதிய கோபால்ட்டு மூலத்தைப் பொருத்தி, 0.3 நிமிடம் கதிரைச் செலுத்தி அளந்தபின், அந்த நேரத்தை 30 விநாடி என்று கொண்டுவிட்டனர். 18 விநாடியில் கிடைத்ததை 30ஆல் வகுத்தால் மூலம் வலிமை குன்றியதாகத்தானே தெரியும்? ஆகவே ஒவ்வொருவருக்கும் வேண்டியதைவிட நீண்ட நேரம் கதிர் செலுத்தப்பட்டது. புதிய மூலம் வந்தால் சிகிச்சை நேரம் குறைய வேண்டுமே என்று ஐயுற்றிருக்கலாம். அளக்கும்போது கைக்கடிகாரத்தையாவது பார்த்திருக்கலாம். பிழை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தது.

அந்தக் கைக்கடிகாரத்தின் வேலையை இன்று கைப்பேசிச் செயலிகளும் செய்ய முடியும். நேரியல் முடுக்கி என்னும் எக்ஸ் கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தின் கை நோயாளியைச் சுற்றிச் சுழலும். அது நிற்கும் கோணம் 1 பாகைக்கு மேல் பிழைபடக் கூடாது. கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி புவியீர்ப்பின் கூறுகளை உணர்கிறது. இரு கூறுகளின் விகிதமே சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். கைப்பேசியை இயந்திரத் தலையில் பொருத்திச் செயலி காட்டும் கோணத்தை இயந்திரம் காட்டும் கோணத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் தனித்தனிக் கருவிகள் என்பதே இதன் பயன்.

ஆனால் கதிரின் அளவைக் கைப்பேசியிடம் கேட்கக் கூடாது என்பேன். அதற்கு அயனியாக்கக் கலமே உரியது. அந்தக் கலத்திற்கும் ஒரு திருத்தம் உண்டு: அதற்குள் இருப்பது சாதாரணக் காற்று, எனவே அறையின் வெப்பநிலையும் காற்றழுத்தமும் தெரிய வேண்டும். இங்கே கைப்பேசியில் வானிலைச் செயலியைத் திறப்பவர் எச்சரிக்கையாக இருத்தல் நலம். வானிலை அறிக்கைகள் தருவது பெரும்பாலும் கடல் மட்டத்திற்குத் திருத்திய அழுத்தம். சான் ஹோசே 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள நகர். அங்கே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், அளவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பிழை வந்துவிடும்.