வெள்ளை மாளிகையின் மொட்டைமாடியும் 32 தகடுகளும்

"சோலாருக்கு அரசாங்கம் எதுக்குங்க பணம் போடணும்? லாபம் இருந்தா தனியார் தானா வரப்போறாங்க!" இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை ஞாபகம் வரும்.

1973 அக்டோபர். இஸ்ரேலை ஆதரித்ததற்காக அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்று அரபு நாடுகள் சொல்லிவிட்டன. சுமார் 3 டாலருக்கு விற்ற பீப்பாய், சில மாதங்களிலேயே 12 டாலரைத் தொட்டது. பங்க் வாசலில் நீள நீளமாய் கார் வரிசை. வல்லரசுக்கே வயிற்றைக் கலக்கியது.

1977-ல் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் எரிசக்திக்குத் தனி அமைச்சகமே தொடங்கினார். கொலராடோவில் சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையமும் வந்தது. 1979 ஜூன் 20 அன்று வெள்ளை மாளிகை மாடியில் 32 தகடுகளைத் திறந்து வைத்தார். மின்சாரத் தகடுகள் அல்ல, வெந்நீர் போடுகிற சமாச்சாரம்தான். 2000-க்குள் நாட்டின் எரிசக்தியில் 20 சதவீதம் சூரியன் மாதிரியான மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது இலக்கு. இந்தத் தகடுகள் ஒருநாள் வெறும் மியூசியப் பொருளாகவும் ஆகிவிடலாம் என்று அன்றைக்கே சொல்லியும் வைத்தார் மனுஷன்.

1981-ல் ரீகன் வந்தார். சந்தை தீர்மானிக்கட்டும் என்பது அவர் கட்சி. ஆராய்ச்சி நிலையத்தின் நிதி வெட்டப்பட்டது, இயக்குநர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீட்டு சோலாருக்கான வரிச்சலுகை 1985 கடைசியில் காலாவதி. 1986-ல் எண்ணெய் விலையும் சரிந்தது. அதே வருஷம் கூரை ரிப்பேருக்காகக் கழற்றிய தகடுகள் திரும்ப மாட்டப்படவே இல்லை.

சந்தைன்னா சந்தைதானே, நியாயம்தானேன்னு தோணும். ஆனா 1926-லேயே அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகள் கிணற்று வருமானத்தில் 27.5 சதவீதத்தை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள சட்டம் வழி செய்துவிட்டது. அரை நூற்றாண்டு அரசாங்கச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவனையும், நேத்து பிறந்த குழந்தையையும் ஒரே கோட்டில் நிற்கவைத்து ஓடச் சொன்னால் அது பந்தயமா?

ஜப்பான் 1974-ல் தன் 'சன்ஷைன்' திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய் மலிந்தபோதும் விடவில்லை. 1994-ல் வீட்டுக்கூரை சோலாருக்கு மானியம் கொடுத்தது. ஜெர்மனி 2000-ல், சோலார் மின்சாரத்துக்கு 20 வருஷம் நிலையான விலை என்று சட்டமே போட்டது. அந்தத் தேவையைப் பார்த்துத்தான் சீனத் தொழிற்சாலைகள் பெருகின. சோலாரில் ஒரு கணக்கு உண்டு: மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் தகட்டின் விலை சுமார் 20 சதவீதம் இறங்கும். ஆனால் அந்த முதல் சில இரட்டிப்புகள் வரைக்கும் நஷ்டத்தைத் தாங்க ஒரு ஆள் வேணுமே? இருபது முப்பது வருஷம் காத்திருக்க எந்தக் கம்பெனி முதலாளிக்குப் பொறுமை இருக்கு? அங்கேதான் அரசாங்கம் தேவைப்படுது.

அதுவும் பெட்ரோல் விலை ஏறும்போது போட்டு, இறங்கும்போது நிறுத்துகிற பணம் விதைநெல்லை எடுத்துத் தின்பது மாதிரிதான். சோலார் தகடு உற்பத்தியின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது. முன்னோடியாக இருந்த அமெரிக்காவோ வாங்குகிற பக்கம் நின்றது.

அந்த 32 தகடுகள் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? 1991-ல் மெயின் மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி அவற்றை வாங்கி வெந்நீர் போட்டது. கார்ட்டர் சொன்ன மாதிரியே சில தகடுகள் கடைசியில் மியூசியத்துக்கும் போயின. அதில் ஒன்று சீனாவில், தெஜோ நகரத்தில் ஒரு சோலார் கம்பெனியின் மியூசியத்தில் :-(